பூட்டு சாவிக்கு

ஏன்டா என்று அண்ணன் கேட்டான்.
பங்காளி வீட்டை விட்டுவிட்டுப்
பூட்டு சாவிக்கா குத்தினாய் என்று
கடைக்கு முன்னால், நாலு பேர் பார்க்க,
கடலை மிட்டாய் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே.

அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒச்சம்மாள் எனக்குத் தரவேண்டியது
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
புருஷன் நாக்பூரில் முறுக்குப் பிழியப் போய்
கொதிக்கிற எண்ணெயை வலது கையில் வாங்கிக்கொண்டு
ரயிலேறி வந்த வருஷத்துக் கடன்.
அரிசி, துவரம்பருப்பு, தீப்புண் களிம்பு,
எல்லாம் என் கடையில்தான்.

கடன்பட்டவர்களை எனக்குத் தெரியும்.
என் தெரு இருப்பதையே மறந்துபோவார்கள்.
மந்தைக்குப் பின்பக்கம் சுற்றி வந்து பஸ் ஏறுவார்கள்.
ஒருத்தர், நான் எதிரே வந்தால்
போனை எடுத்துக் காதில் வைத்துப் பேசுவார்.
அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை அது மணியடித்தது.

ஒச்சம்மாள் வெள்ளிக்கிழமை வருவாள்.
நூறுநாள் வேலை முடிந்து
மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு
"இந்த வாரம் இல்லண்ணே" என்பாள்.
அவ்வளவுதான்.
காரணம் சொல்ல மாட்டாள், கண்ணைத் தாழ்த்த மாட்டாள்.
ஐப்பசி மழையில் ஒருநாள்
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்,
இல்லை என்று சொல்வதற்கு.
இருந்தால் ஐம்பது, அறுபது.
வரவு எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும்
ஐம்பத்தெட்டுக் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள்,
என் கடைவாசலில், வாயாலேயே.
பஞ்சாயத்து பிரசிடெண்ட் கையெழுத்துக்கு
வைகை அணை ஷட்டர் எழும்புமா?
இல்லாததை இல்லை என்று
நடந்து வந்து சொல்ல
ஒரு ஆள் போதும் எனக்கு.

காசிமாயன் கெட்டவன் இல்லை.
என் கல்யாண மொய் நோட்டில் முதல் வரி அவன் பேர்.
பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் நிற்பது ஜெயக்கொடி.
பிளெக்ஸில் அவன் ஆளுயரம்,
அவள் மூலையில், தீப்பெட்டி அளவு.
ஏழாம் வகுப்பில் கணக்கில்
என்னைவிட இருபது மார்க் கூட வாங்கியவள்.
அவளே நின்றிருந்தால் யோசித்திருப்பேன்.
நின்றது அவள் பேர் மட்டும்.

ஓட்டுப்பதிவுக்கு நாலைந்து நாள் முன்பு
கடை சாத்தும் நேரம் காசிமாயன் வந்தான்.
"அவ பாக்கிய நான் அடைக்கிறேன்.
நோட்டை மட்டும் குடு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்.
கடைக்கடன் அடைக்காதவ
ஊர்க் கஜானா கேக்குறான்னு குரூப்புல போடணும்."
ஐந்து ஐநூறு ரூபாய்த் தாள்.
வைக்க வேறு இடமில்லாமல் தராசுமேல் வைத்தான்.
மீதியை நீயே வச்சுக்க என்றான்.
தராசு ஐந்து கிராம் காட்டியது.

பொய் சொல்வானேன், கொஞ்சம் யோசித்தேன்.
மகளுக்கு பாலிடெக்னிக் பீஸ் பாக்கி.
அப்புறம் நோட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.
அவன் சாவியைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தாள்.
"ஓட்டுக் கேட்டு வரலண்ணே.
வெள்ளிக்கிழமைன்னு வந்தேன்.
நோட்டீஸ் அடிச்ச வகையில இந்த வாரமும் இல்ல."

ரோஸ் கலர் சீட்டில் குத்தினேன்.
மை காயட்டும் என்று
தேவைக்கு மேல் ஊதினேன்.

ஜெயித்தாளா என்று கேட்காதீர்கள்.
செல்லம்பட்டியில் இன்னும் எண்ணுகிறார்கள்.
இருபத்தேழு முன்னே என்கிறான் ஒருவன்,
மூன்று பின்னே என்கிறான் இன்னொருவன்.
ஜெயித்தால் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன்.
பதவியேற்ற முதல் மாதமே
பாக்கி மொத்தத்தையும் ஒரே கட்டாகக்
கொண்டுவந்து வைத்தாளென்றால்
அடுத்த தடவை என் குத்து வேறு சின்னத்துக்கு.

இதையாவது அண்ணனிடம் சொல்லியிருக்கலாம்.
அதற்குள் அவன்
கடலை மிட்டாய்க்குக் காசு கொடுக்காமல்
போய்விட்டான்.